கண்ணாடி உருண்டைக்கு ஏன் இந்த விலை: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் பிறந்ததும், கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் உருண்டைகளைப் பற்றிக் கடையில் தினமும் கேட்கிற கேள்வி இதுதான்: "பிளாஸ்டிக் உருண்டை ஒரு பெட்டியே இந்த விலைக்கு வருதே, கண்ணாடியில் ஒன்றுக்கு ஏன் இவ்வளவு?" கூட்ட நேரத்தில் நின்று பதில் சொல்ல முடிவதில்லை, அதனால் இங்கே எழுதுகிறோம்.

ஆரம்பத்தில் கிறிஸ்துமஸ் மரத்தில் கண்ணாடியே கிடையாது. 1605-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து வீடுகளைப் பற்றி எழுதிய ஒருவர், மரத்தில் காகித ரோஜா, ஆப்பிள், மெல்லிய அப்பம், தங்க ஜிகினா, மிட்டாய் தொங்கியதாகச் சொல்கிறார். டிசம்பர் 24 ஆதாம் ஏவாள் திருநாள், அன்றைய நாடகத்தில் ஏதேன் தோட்டத்து மரமாக நின்றதும் ஆப்பிள் தொங்கவிட்ட மரம்தான். இன்றைக்கும் எங்கள் கடையில் சிவப்பு உருண்டைதான் முதலில் தீர்கிறது.

ஆப்பிள் கண்ணாடியானது ஜெர்மனியில் துரிங்கியா மலைப்பகுதியில் இருக்கும் லவுஷா என்ற சின்ன ஊரில். ஆப்பிள் வாங்க வழியில்லாத ஏழை ஒருவர் கண்ணாடியில் ஊதினார் என்று ஒரு கதை சொல்வார்கள், அது கதைதான். ஆனால் 1597-லிருந்தே கண்ணாடி உலை எரிந்த ஊர் அது, 1840-களில் அங்கே மரத்துக்கான உருண்டைகள் வர ஆரம்பித்துவிட்டன. 1867-இல் எரிவாயு வந்ததும் சுடர் சூடாகவும் சீராகவும் கிடைத்தது, உருண்டையைப் பெரிதாகவும் மெல்லிசாகவும் ஊத முடிந்தது. வேலை நடந்தது வீட்டுக்குள்ளேயே: ஆண்கள் ஊத, பெண்கள் உள்ளே வெள்ளி ரசம் ஊற்றிக் குலுக்க, பிள்ளைகளும் கூடமாட உதவுவார்கள். வெள்ளி வெளியே இல்லை, உள்ளேதான் படிகிறது. வெளியே இருப்பது வண்ணச் சாயம்.

எங்களிடம் வாங்கிய உருண்டையின் மூடியை மெதுவாகக் கழற்றிப் பாருங்கள். உள்ளே குட்டையாக ஒரு கழுத்து, வெட்டின விளிம்பு சொரசொரவென்று இருக்கும். ஊதுகிறவர் வாயில் வைத்த குழாயின் மிச்சம் அது, அதை மறைக்கத்தான் அந்த உலோக மூடி. இயந்திரத்தில் வார்த்த பிளாஸ்டிக்கில் இது இருக்காது. ஒவ்வொன்றையும் ஒருவர் வாயால் ஊதிச் செய்வதால்தான் இந்த விலை.

1880-இல் அமெரிக்க வியாபாரி உல்வொர்த், இதெல்லாம் யார் வாங்குவார்கள் என்று தயங்கித் தயங்கி 25 டாலருக்கு மட்டும் எடுத்தார், சரக்கு மளமளவென்று தீர்ந்துவிட்டது. அப்புறம் அவரே லவுஷாவுக்குப் போய் வாங்கும் அளவுக்கு வியாபாரம் வளர்ந்தது. 1939-இல் போர் வந்து ஜெர்மன் சரக்கு தடைபடப்போன நேரத்தில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து வெல்ஸ்பரோவில் கார்னிங் என்ற கண்ணாடி நிறுவனம் மின்விளக்குக் குமிழ் செய்யும் இயந்திரத்திலேயே உருண்டைகளையும் செய்தது. கையால் ஒருவர் நாள் முழுக்க ஊதுவதைவிட அதிகம் அதில் ஒரே நிமிடத்தில் வந்தது. போர் நீண்டபோது வெள்ளிக்கும் உலோகத்துக்கும் தட்டுப்பாடு, அதனால் ரசம் பூசாத கண்ணாடியில் வண்ணக் கோடு மட்டும் போட்டு, மூடியை அட்டையில் செய்தார்கள். அந்த எளிமையான உருண்டைகள் எங்களுக்கு ரொம்பவே பிடிக்கும், எங்காவது பார்த்தால் விடாதீர்கள்.

பிளாஸ்டிக் வந்த பிறகு கதை தெரிந்ததுதான். கைக்குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டுக்கு அதைத்தான் நாங்களே எடுத்துக் கொடுப்போம். மற்றவர்களுக்கு, வளையல் ஊரான ஃபிரோசாபாத்தில் ஊதின கண்ணாடி உருண்டைகளும், காஷ்மீரத்துக் காகிதக்கூழ் உருண்டைகளும் வைத்திருக்கிறோம். காகிதக்கூழ் கீழே விழுந்தாலும் உடையாது, அதன் பூ வேலைப்பாடு முழுக்கக் கையால் வரைந்தது.

சவுக்குக் கிளையை மரமாக வைப்பவர்கள் கவனிக்க: அதன் நுனி தாங்காது, கண்ணாடியைத் தண்டுப் பக்கமாகக் கட்டுங்கள், நுனிக்கு ஜிகினாவும் காகிதமும் போதும். தண்ணீரோ சோப்போ போட்டுத் துடைக்காதீர்கள். வெளிச் சாயம் கரையும், கழுத்து வழியாக ஈரம் போனால் ரசமும் கறுத்துவிடும். ஜனவரியில் எடுத்து வைக்கும்போது பிளாஸ்டிக் கவரில் கட்ட வேண்டாம், நம் கடலோரக் காற்றில் உள்ளே வேர்த்துவிடும்; செய்தித்தாளின் மை ஒட்டும் என்பதால் வெள்ளைத் தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் வையுங்கள்.

மூடி தொலைந்திருந்தாலோ கம்பி தளர்ந்திருந்தாலோ உருண்டையைத் தூக்கிப் போடாமல் கடைக்குக் கொண்டு வாருங்கள். உதிரி மூடிகள் இருக்கின்றன, எங்களிடம் வாங்காததாக இருந்தாலும் சும்மாவே மாட்டித் தருவோம்.