யாழ்ப்பாணத்துப் பழைய மாணவர் சங்கச் செயலாளர்களுக்கு: மின்னஞ்சல்களுக்குப் புள்ளி போடுங்கள்

அன்புள்ள செயலாளர்களே, வணக்கம்.

உங்கள் சங்கத்து மின்னஞ்சல் பெட்டியில் எது மேலே நிற்பது என்பதை இப்போது கடிகாரம்தான் தீர்மானிக்கிறது. கோடையில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. அங்குள்ளவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதுவது இங்கே விடியற்காலையில் வந்து குவியும். ஒன்றுகூடல் படங்கள், அவற்றுக்கு எல்லோருக்குமாகப் போகும் வாழ்த்துகள். அன்பு குறைந்தவை என்று சொல்லவில்லை, ஆனால் அவசரமானவை அல்ல. முதல்நாள் பாடசாலை அதிபர் கேட்ட கூரைத் திருத்தச் செலவும், சாவகச்சேரியிலிருந்து ஒரு தாய் தலைப்பே போடாமல் அனுப்பிய உதவி விண்ணப்பமும் அவற்றின் அடியில் போய்விடுகின்றன. திகதிப்படி அடுக்கினால் இப்படித்தான் ஆகும்.

புள்ளிப்படி அடுக்குங்கள் என்பதே என் வேண்டுகோள்.

1995இல் மைக்கேல் எல்கின்ஸ் எழுதிய மட் என்ற இலவச மின்னஞ்சல் மென்பொருளில் இந்த வசதி உண்டு. அதிபரின் முகவரிக்கு 20, தலைப்பில் ‘புலமைப்பரிசில்’ என்று இருந்தால் 10 என்று விதிகளை நீங்களே எழுதி வைக்கலாம். பொருந்தும் விதிகளின் புள்ளிகளை அது கூட்டும்; புள்ளிப்படி அடுக்கச் சொன்னால் கூடியதை மேலே வைக்கும். வடிகட்டி வைத்துக் கோப்புறைகளுக்குப் பிரித்து அனுப்புவதைவிட இது நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கோப்புறைக்குள் போன கடிதத்தை யாரும் திறப்பதில்லை. புள்ளி குறைந்த கடிதமோ அதே பட்டியலில், கொஞ்சம் கீழே, கண்ணில் படும்படி இருக்கும்.

சரி, அந்தத் தாயின் கடிதம்? அதில் அதிபர் பெயரும் இல்லை, தலைப்பும் இல்லை. அதற்குத்தான் ஒரு விதி கட்டாயம் வேண்டும்: உறுப்பினர் பட்டியலை ஒரு குழுவாகக் கொடுத்துவிட்டு, அதில் இல்லாத முகவரிகளுக்கு 15 போடுங்கள். குப்பை அஞ்சலைச் சேவையகமே பெரும்பாலும் தடுத்துவிடும். மிச்சமாக வரும் அறிமுகமில்லாதவர்களில்தான் நம் உதவி தேவைப்படுபவர்கள் இருக்கிறார்கள்.

புள்ளியைக் கழிக்கவும் முடியும். ஆனால் குறிப்பிட்ட வெட்டுப்புள்ளிக்குக் கீழே போனவற்றைத் தானாகவே அழிப்பதற்குக் குறித்துவைக்கும் அமைப்பைத் தொடவேண்டாம். வாழ்த்து மடலும் யாரோ ஒருவர் நேரம் எடுத்து எழுதியதுதான்.

மட் கறுப்புத் திரையில் எழுத்துகளாக ஓடுவது. பழக நாளெடுக்கும், உங்கள் இளம் உறுப்பினர் ஒருவரை உதவிக்குக் கூப்பிடுங்கள். அது சரிவராது என்றால் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளிலேயே வடிகட்டி மூலம் முன்னுரிமை கொடுத்து, அந்த முன்னுரிமைப்படி அடுக்கலாம். புள்ளிகளைக் கூட்டாது, ஆனாலும் திகதியைவிட மேல்.

இன்னொன்று. விதிகள் எல்லாம் சாதாரண உரைக்கோப்பில்தான் இருக்கும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் புதிய செயலாளரிடம் கூட்டறிக்கைப் புத்தகத்தைக் கொடுக்கும்போது அந்தக் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள். முடிந்துபோன நிதிசேகரிப்புகளுக்கான விதிகளை அன்றைக்கே இருவருமாக இருந்து நீக்கிவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு பழைய மாணவி
நல்லூர்