"நீங்க சாப்பிட்டீங்கதானே மேடம்?"

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பகுதிநேர வருமானத்துக்கு வழிகள் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. மிஸ்டரி ஷாப்பர் வேலைக்கு அதில் நான்கே வரி. கடைக்குப் போகலாம், பிடித்ததைச் சாப்பிடலாம், கூடவே காசும் கிடைக்கும் என்ற தோரணையில். திருச்சியில் ஆறு வருடமாக இதைத்தான் செய்கிறேன். அந்த நான்கு வரியைப் படித்துவிட்டு என் தங்கையே "உனக்கென்னக்கா, ஓசிச் சாப்பாடு" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

கம்பெனிகள் தங்கள் கிளைகள் எப்படி நடக்கின்றன என்று பார்க்க, சாதாரண வாடிக்கையாளர் மாதிரி எங்களை அனுப்பும். நேரடியாக அனுப்பாது, நடுவில் ஒரு ஏஜென்சி இருக்கும். ஏஜென்சிக்கு நாங்கள் ஊழியர் கிடையாது. ஒரு கடைக்கு இவ்வளவு கூலி, பில் தொகை ஒரு வரம்பு வரை திரும்பக் கிடைக்கும், அவ்வளவுதான்.

பிடித்ததைச் சாப்பிடலாம் என்பது சுத்தப் பொய். தில்லைநகரில் ஒரு பர்கர் கடைக்குப் போனேன். என்ன வாங்க வேண்டும் என்பதை அவர்களே எழுதிக் கொடுத்திருந்தார்கள், கூல்டிரிங்க் உட்பட. எனக்குச் சர்க்கரை இருக்கிறது. அதற்காக மோர் கேட்க முடியுமா? உள்ளே நுழைந்த நேரம், ஆர்டர் சொன்ன நேரம், தட்டு வந்த நேரம் மூன்றையும் கைப்பைக்குள் போனை வைத்துக் குறித்தேன். கழிவறையில் சோப்பு இருக்கிறதா என்று பார்க்கப் போனபோது, பரிமாறிய பையனின் பெயர் மறந்துவிடக் கூடாதே என்று அங்கேயே நின்று டைப் செய்தேன். வீட்டுக்கு வந்தால் அறுபத்திரண்டு கேள்விகள். 'இல்லை' என்று போட்ட ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுத வேண்டும். முடிக்கும்போது ராத்திரி பதினொன்றரை. கூலி 250 ரூபாய்.

அதுவும் வரவில்லை. ஏழு மணியிலிருந்து ஒன்பதுக்குள் போக வேண்டிய வேலை, என் பில்லில் 6.52 என்று இருந்தது. எட்டு நிமிடம். தப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூலியோடு சாப்பாட்டுக்குக் கொடுத்த 338 ரூபாயும் போயிற்று. போன் செய்து கேட்டதற்கு ஏஜென்சி ஒருங்கிணைப்பாளர் சொன்னார்: "நீங்க சாப்பிட்டீங்கதானே மேடம்?"

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளிலிருந்து பேரம் பேச ஆரம்பித்தேன்.

மாத ஆரம்பத்தில் பேசினால் ஒரு ரூபாய்கூட ஏறாது. இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் அவர்களே கூப்பிடுவார்கள், ஏதாவது ஒரு ஊரில் ஒரு கிளை விட்டுப்போயிருக்கும். அப்படி ஒரு முறை கரூர். 300 ரூபாய் என்றார்கள். பஸ் செலவு தனியாக வேண்டும் என்றேன். பெங்களூரிலிருந்து பேசிய அந்தப் பிள்ளை, "தமிழ்நாட்டுல லேடீஸுக்கு பஸ் ஃப்ரீதானே" என்றது. அது டவுன் பஸ்ஸுக்குத்தான் தம்பி, கரூர் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பார் என்று சொன்னேன். கடைசியில் 700, போக வரப் பஸ் கட்டணம், கடை பூட்டியிருந்தாலும் பாதிக் கூலி என்று முடிந்தது. போனில் பேசியதை அப்படியே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள், வந்த பிறகுதான் கிளம்புவேன் என்றேன். அனுப்பினார்கள்.

பணம் இழுத்தடிப்பது இன்னொரு தலைவலி. மூன்று மாதம் ஆனதும் உண்டு. அப்புறம் என் வரிக் கணக்குப் பார்க்கிற தம்பி சொல்லி, சிறுதொழில் செய்பவர்களுக்கான மத்திய அரசின் 'உத்யம்' பதிவைச் செய்தேன், அதற்குக் கட்டணம் கிடையாது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு செய்த என்னைப் போன்ற ஒற்றை ஆளுக்கும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் வட்டியும் கேட்கலாம். இப்போது பில்லின் அடியில் உத்யம் எண்ணையும் இந்தச் சட்டத்தைச் சொல்லி ஒரு வரியையும் போடுகிறேன். சண்டையே போடவில்லை, நாற்பது நாளில் பணம் வந்துவிடுகிறது.

இதில் எங்களோடு இன்னொருவர் பிழைப்பும் இருக்கிறது. சின்னக்கடை வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடை. 'விற்பனையாளர் எழுந்து நின்று வரவேற்றாரா?' என்பது கேள்வி. அந்தப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் உட்கார்ந்தபடியே, "வாங்கம்மா, என்ன பாக்குறீங்க" என்று சிரித்தது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழகத்தில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. கேள்வித்தாளுக்கு அது தெரியாது. 'இல்லை' என்று ஒரு சொல்லோடு விட்டிருந்தால் பத்து நொடியில் வேலை முடிந்திருக்கும், அந்தப் பெண்ணின் இன்சென்டிவில் கை வைத்திருப்பார்கள். சட்டத்தையும் அந்தச் சிரிப்பையும் சேர்த்து ஒரு பத்தி எழுதினேன். ஏஜென்சி அதை "நீளமாக இருக்கிறது" என்று திருப்பி அனுப்பியது. அப்படியே மறுபடி அனுப்பினேன். 200 ரூபாய்க்கு நாலு கடை ஓடுகிறவர் இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருக்க மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

டெலிவரி செய்யும் தம்பிகளுக்காக 2023-இல் தமிழக அரசு நலவாரியம் அமைத்தது. அவர்கள் சேர்ந்து நின்று கேட்டார்கள். எங்களால் எப்படிச் சேர முடியும்? திருச்சியில் இந்த வேலை பார்க்கிற இன்னொருவரைக்கூட எனக்குத் தெரியாது. பக்கத்து டேபிளில் உட்கார்ந்திருந்தாலும் தெரியாது. ஆகவே இதைப் படிக்கிறவர்களில் யாராவது இருந்தால், ரிப்போர்ட்டை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், பில் காசையாவது விடாதீர்கள். நான் இப்போது வேலையை ஏற்கும் முன்பே இந்த இரண்டையும் கேட்டுவிடுகிறேன். ஒரு ஏஜென்சி சரி என்றது, இன்னொன்று கூப்பிடுவதையே நிறுத்திவிட்டது.

கட்டுரையில் விட்டுப்போன ஒன்று: சேருவதற்கு முன்பணம் கட்டச் சொன்னால் அது மோசடி. அடுத்த ஞாயிறாவது அதைப் போடுங்கள்.

பெயரை வெளியிட வேண்டாம். பயந்து சொல்லவில்லை, நாளை மறுநாள் ஒரு நகைக்கடைக்குப் போக வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி.