எல்போவுக்குப் பின்னால் காங்கிரீட் எதற்கு?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

தோப்புக்கு லைன் இழுக்கும்போது வளைவுக்கு வளைவு காங்கிரீட் போட்டு பில்லை ஏற்றுகிறோம் என்று காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஒரு முணுமுணுப்பு. மண்ணுக்குள் புதைத்த எல்போ, அதாவது பைப்பைத் திருப்புகிற வளைவுத் துண்டு, எங்கே ஓடிப்போகும் என்கிறார்கள். ஓடும்.

110 எம்எம் ரப்பர் ரிங் பைப்பையே (பசைக்குப் பதில் ரப்பர் வளையத்தில் செருகி இணைப்பது) எடுத்துக்கொள்ளுங்கள். உள்விட்டம் ஏறக்குறைய 10 செ.மீ., நொடிக்கு 10 லிட்டர் போனால் வேகம் நொடிக்கு 1.3 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே. நேராக வந்த தண்ணீரை எல்போ 90 டிகிரி திருப்புகிறது, உந்தம் திசை மாறுகிறது, பதிலுக்குத் தண்ணீர் எல்போவை வெளிப்பக்கம் தள்ளுகிறது. இதை மட்டும் கணக்குப் போட்டால் இரண்டு கிலோ எடைகூட வராது. அதோடு நிறுத்திக்கொண்டு காங்கிரீட் வேண்டாம் என்கிற பிளம்பர்கள் உண்டு. அது கால்வாசிக் கணக்குகூட இல்லை. வளைவின் இரண்டு வாயிலும் இருக்கிற பிரஷரையும் சேர்க்க வேண்டும். வாயின் பரப்பு 78 சதுர செ.மீ., பிரஷர் சதுர செ.மீ.க்கு 4 கிலோ என்றால் ஒரு வாய்க்கு 310 கிலோ சொச்சம், இரண்டும் செங்குத்தாகச் சேர்ந்து 440 கிலோ! வால்வு மூடித் தண்ணீர் நின்றுபோனாலும் பிரஷர் இருக்கிறவரை இந்தத் தள்ளல் இருக்கும். ரப்பர் ரிங் கசிவைத் தடுக்குமே தவிர இழுவையைத் தாங்காது, ஜாயிண்ட் கழன்று வந்துவிடும்.

அப்புறம் பால் வால்வு, உள்ளே உருண்டை திரும்பி மூடுகிற வால்வு. கைப்பிடியைப் பட்டென்று திருப்பி மூடுகிறீர்களே, ஓடிக்கொண்டிருந்த அவ்வளவு தண்ணீரின் உந்தமும் எங்கே போகும்? அதிர்ச்சி அலையாகத் திரும்புகிறது, பிவிசியில் நொடிக்கு 350, 400 மீட்டர் வேகத்தில். மேலே சொன்ன லைனில் அது நாலைந்து கிலோ பிரஷரைக் கூட்டிவிடும், வளைவில் தள்ளல் ஒரு டன்னை நெருங்கும். 300 மீட்டர் லைனை ஒன்றரை நொடிக்குள் மூடினால் முழு அடியும் விழும், அதனால் மெதுவாக மூடுங்கள். மலிவாக இருக்கிறதே என்று 6 கிலோ பிரஷர் வரைதான் தாங்குகிற பைப்பு கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

காங்கிரீட் வளைவின் வெளிப்பக்கம், வெட்டாத கெட்டிச் சரளையில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தோண்டிப் போட்ட செம்மண்ணில் சாய்த்து வைத்தால் காசுதான் தண்டம். ஒரு வாரமாவது நனைத்துவிட்டு மோட்டாரைப் போடுங்கள். குழியை மூடுவதற்கு முன் எங்களைக் கூப்பிட்டால் வந்து பார்த்துவிட்டுப் போவோம், அதற்குத் தனிக் காசு இல்லை.

இப்படிக்கு,
உங்கள் பைப்புக் கடைக்காரர், காரைக்குடி