அனுபவமே போதுமாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்ப நல நீதிமன்றங்கள் பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரை, விவாகரத்து வழக்குகளை நடத்தத் தனிப் பயிற்சி தேவையில்லை, அனுபவமே போதும் என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லிச் சென்றது. தங்கள் கண்ணில் படாமல் அந்த வரி அச்சேறியிருக்கும் என்றே நம்ப விரும்புகிறேன்.

என் மகளின் வழக்கறிஞருக்கு 25 ஆண்டு அனுபவம் உண்டு. அவர் தயாரித்த ஜீவனாம்ச மனுவின் நான்காவது பத்தியில் என் பேத்தி ஆண் குழந்தையாகியிருந்தாள். யாரோ ஒரு பழைய கட்சிக்காரரின் மகனுடைய வயதுகூட மாறாமல் இருந்தது. சுட்டிக்காட்டியதும் பேனாவால் அடித்துத் திருத்தி, ஓரத்தில் கையொப்பம் வாங்கிக்கொண்டார். அது போகட்டும். இத்தகைய வழக்குகளில் இரு தரப்பினரும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் உத்தரவிட்டது, நீதிபதி கேட்கும்வரை அவருக்குத் தெரியாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கும் தெரியாது என்பதுதான் எங்களுக்குக் கிடைத்த ஆறுதல். அதிலேயே நான்கு வாய்தாக்கள் போயின.

பின்னர் இரு குடும்பமும் பேசிப் பரஸ்பர சம்மதத்துக்கு வந்தபோது, ஆறு மாதம் காத்திருந்தே தீர வேண்டும் என்றார் எங்கள் வழக்கறிஞர். பிரிந்து மூன்று ஆண்டுகளாகி, ஜீவனாம்சமும் குழந்தையின் பொறுப்பும் முடிவாகிவிட்ட எங்களைப் போன்றவர்கள் அந்தக் காத்திருப்பிலிருந்து விலக்குக் கோரலாம் என்று 2017இலேயே அமர்தீப் சிங் வழக்கில் தீர்ப்பு வந்திருப்பதை, நீதிமன்றத் தாழ்வாரத்தில் பக்கத்து பெஞ்சில் இருந்த ஒரு பெண்மணி, தம் வழக்குக் கட்டை மடியில் வைத்தபடி, எங்களுக்குச் சொல்லித் தந்தார்.

மருத்துவர்கள் ஐந்து ஆண்டுகளில் 30 மணி நேரமாவது தொடர்கல்வி பெற வேண்டும் என 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் சொல்வதைத் தாங்கள் அறிவீர்கள். வழக்கறிஞருக்கோ, பார் கவுன்சில் தேர்வில் ஒருமுறை தேறிவிட்டால் ஆயுளுக்கும் போதும். அந்தத் தேர்வு வருவதற்கு முன்பே பதிவு செய்தவர்களுக்கு அதுவும் இல்லை. குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வைத்துக்கொள்வது கட்சிக்காரரின் உரிமையல்ல என்று 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு கூறுவதைக் கொடுமை என்று நினைத்திருந்தேன். இப்போது அதில் ஒரு கருணை தெரிகிறது.

இதே பொருளில் சென்ற ஆண்டு எழுதிய கடிதத்தைத் தாங்கள் வெளியிடவில்லை, இடநெருக்கடியாக இருந்திருக்கும். இம்முறை கடிதத்தைக்கூட விட்டுவிடுங்கள். அந்தப் பிரமாணப் பத்திரத்தின் படிவத்தை மட்டும் தங்கள் சட்டக் கேள்வி-பதில் பகுதியில் ஒருமுறை வெளியிட்டால், கட்சிக்காரர்கள் வெட்டி எடுத்துத் தங்கள் வழக்கறிஞர்களிடம் கொடுத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்
(மகளை முன்னிட்டுப் பெயரைத் தவிர்க்க வேண்டுகிறேன்.)