வாகனக் கணக்கேடுகளை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு சாலையை அகலப்படுத்தப் போவதாக அறிவிப்பு வரும்போதெல்லாம், அதில் நாளொன்றுக்கு இத்தனை ஆயிரம் வாகனங்கள் செல்கின்றன என்று ஓர் எண்ணும் கூடவே வருகிறது. நிலம் கொடுப்பவர்களுக்கும், சாலையோரப் புளியமரங்களை இழக்கும் ஊர்க்காரர்களுக்கும் அந்த எண் காதில் விழுகிறதே தவிர, அது எப்படிக் கிடைத்தது என்று சரிபார்க்கும் வாய்ப்பு எளிதில் அமைவதில்லை. நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்த எண்ணுக்கு அடிப்படையான வாகனக் கணக்கேடுகளைப் பற்றி எழுதுகிறேன்.

நாட்டின் சாலை வளர்ச்சிக்காக 1943இல் வகுக்கப்பட்ட நாக்பூர்த் திட்டம் ஒரு பகுதிக்கு எவ்வளவு சாலை தேவை என்பதை வாகனங்களை வைத்துக் கணக்கிடவில்லை. சாகுபடிப் பரப்பையும் ஊர்களின் மக்கள்தொகையையும் வைத்தே கணக்கிட்டது. வேளாண்மை செழித்த பகுதியில் எந்தக் கிராமமும் முதன்மைச் சாலையிலிருந்து ஐந்து மைலுக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது என்பது அதன் குறிக்கோள்களில் ஒன்று. சென்னை மாகாணத்தில் 1946இல் நெடுஞ்சாலைகளுக்கெனத் தனித்துறை உருவாயிற்று. கிண்டியில் நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையம் 1957இல் தொடங்கப்பட்டது. வாகனங்கள் பெருகப் பெருக, திட்டமிடலின் அடிப்படை ஊரிலிருந்து வாகனத்துக்கு மாறியது.

சாலைகளுக்கான தரநெறிகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைப் பேரவை (ஐ.ஆர்.சி.) 1972இல் வகுத்த நெறிமுறைப்படி ஆண்டுக்கு இரண்டு முறை, அறுவடைக் காலத்தில் ஒன்றும் போக்குவரத்து குறைந்த காலத்தில் ஒன்றுமாக, தொடர்ந்து ஏழு நாள்கள் இரவும் பகலும் வாகனங்களை எண்ண வேண்டும். தைப்பூசத்துக்குப் பழனிச் சாலையிலும், செப்டம்பர் திருவிழாவுக்கு வேளாங்கண்ணிச் சாலையிலும் கூடும் கூட்டம் கணக்கைத் திரித்துவிடும் என்பதால், திருவிழா வாரம் வந்தால் கணக்கெடுப்பைத் தள்ளிவைக்க வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு ஒரு குழுவாக ஆள்கள் மாறுவார்கள். வாகனத்துக்கு ஒரு கோடு, ஐந்தாவது கோடு குறுக்கே. நள்ளிரவுக்குப் பின் முகப்பு விளக்குகளின் கூச்சத்தில் வண்டியின் உருவம் தெரியாது. லாரியா, பேருந்தா என்பதை இரைச்சலை வைத்தே அனுபவசாலிகள் சொல்லிவிடுவார்கள். அப்படி உழைத்து நிரப்பிய தாள்களே இந்தக் கணக்கேடுகள்.

எண்ணியதை அப்படியே கூட்டுவதில்லை; ஒவ்வொரு வாகனத்தையும் காருக்கு ஈடான அலகாக மாற்றியே கூட்டுவார்கள். அதே பேரவையின் 1990ஆம் ஆண்டு வழிகாட்டியில் ஒரு கார் ஒன்று என்றால், பேருந்தும் லாரியும் மூன்று, டிரெய்லர் பூட்டிய டிராக்டர் நாலரை, பெரிய மாட்டுவண்டி எட்டு, சைக்கிள் அரை. சமவெளியில் இருவழிச் சாலைக்கு நாளொன்றுக்கு 15,000 அலகு என்பது அந்த வழிகாட்டி பரிந்துரைக்கும் போக்குவரத்து அளவு. நடந்து செல்பவருக்கு அந்த அட்டவணையில் இடமே இல்லை. பள்ளிக்கூடத்துக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் சாலையைக் குறுக்கே கடக்கும் பிள்ளைகளை எண்ணாமல் வெறும் வாகனத்தை மட்டும் எண்ணினால், சாலை வாகனத்துக்கு மட்டுமே அகலமாகும்.

எண்ணிக்கையைப் போலவே எடையும் முக்கியம். சாலையின் தடிமனைத் தீர்மானிப்பது 8.16 டன் அச்சுச் சுமை, அதாவது ஓர் அச்சின் சக்கரங்கள் சாலைமீது இறக்கும் எடை, என்ற அளவுகோல்தான். சுமை இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் தேய்மானம் ஏறத்தாழ பதினாறு மடங்காகும். ஆகவே மணல், ஜல்லி லாரிகள் ஓடும் சாலையில் எத்தனை லாரி என்பதை மட்டும் அறிந்து பயனில்லை. ஓரங்கட்டி எடைபோட்டுப் பார்த்த கணக்கும் வேண்டும்.

இப்போது தானியங்கிக் கருவிகளும் கேமராக்களும் வந்துவிட்டன. இவை பழைய ஏடுகளைத் தேவையற்றவை ஆக்கிவிடவில்லை. ஒரே இடத்தில் பல பத்தாண்டுகளாக எடுத்த கணக்கு இருந்தால்தான், ஒரு சாலையில் போக்குவரத்து எந்த வேகத்தில் வளர்ந்தது, புறவழிச்சாலை வந்தபின் எவ்வளவு குறைந்தது என்று சொல்ல முடியும். இருபது ஆண்டுகளுக்குப் பிந்தைய தேவையை மதிப்பிடுவதற்கும் அதுவே ஆதாரம். கோட்ட அலுவலகங்களில் எஞ்சியிருக்கும் பழைய கணக்கேடுகள் செல்லரிப்பதற்குள் அவற்றை ஸ்கேன் செய்து, இடம், தேதி, மணி வாரியாகத் துறையின் இணையதளத்தில் வெளியிட அரசு ஆணையிட வேண்டும். இனிவரும் அகலப்படுத்தும் திட்டம் ஒவ்வொன்றிலும், நிலம் எடுப்பதற்கான கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன்பே, இரு பருவக் கணக்குகளையும் அச்சுச் சுமைக் கணக்கையும் சாலையைக் கடப்பவர்களின் எண்ணிக்கையையும் அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் ஒட்டிவைக்க வேண்டும் என்று நெடுஞ்சாலைத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சாலை ஆய்வாளர்,
தஞ்சாவூர் மாவட்டம்.