கனடாவிலிருந்து வந்த ரியூப்பும் வன்னி வெயிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் பெண்கள் பக்கத்தில் விற்றமின் ஏ கிறீம் பூசினால் முகச் சுருக்கம் குறையும் என்று எழுதியிருந்தீர்கள். பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எப்படிப் பூசுவது, யார் பூசக்கூடாது, பகல் முழுக்க வெயிலில் நிற்கிறவர்கள் என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லையே. அது தெரியாமல் பூசி முகம் உரிந்தவள் நான்.

வன்னியில் பரந்தன் பக்கம் எங்கள் தோட்டம். போன ஆவணியில் ஊருக்கு வந்திருந்த கனடா மச்சாள், "இதைப் பூசிப் பாரும் மச்சாள், பத்து வயது குறையும்" என்று ஒரு ரியூப்பைக் கையில் வைத்துவிட்டுப் போனார். நானும் சந்தனம் அப்புகிற மாதிரிக் காலையும் மாலையும் பூசினேன். நாலாம் நாள் மூக்கோரமும் வாயோரமும் எரியத் தொடங்கி, பிறகு வெங்காயத் தோல் மாதிரி உரிந்தது. அது மிளகாய் பறிக்கிற காலம் வேறு. மிளகாய் பறித்த கையால் தெரியாமல் அந்த முகத்தைத் துடைத்த நாளை நான் மறக்கமாட்டேன். அம்மா கண்ணூறு என்று சொல்லி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார், அதற்கும் மிளகாய்தான்!

தாதியர் படிப்புப் படிக்கிற அயல்வீட்டுப் பிள்ளை ரியூப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, "அன்ரி, இது கடையில் விற்கிற ரெட்டினோல் இல்லை, ட்ரெட்டினொயின், 0.05 வீதம், டொக்டர் எழுதித் தருகிற மருந்து" என்றாள். ரெட்டினோல் என்பது விற்றமின் ஏயின் ஒரு வடிவம், அது தோலுக்குள் போய் இரண்டு படி மாறித்தான் ரெட்டினோயிக் அமிலமாக வேலை செய்யுமாம். ட்ரெட்டினொயின் என்பது அந்த அமிலமேதான், அதனால்தான் அவ்வளவு காரம். ரெட்டினோலையே லேசாக எடுக்க முடியாது, முகத்தில் பூசிவிடுகிற கிறீம்களில் அது 0.3 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் விதி போட்டிருக்கிறது.

மருந்தில் பிழையில்லை. 1971இல் அமெரிக்காவில் இது முகப்பருவுக்கென்றுதான் அனுமதிக்கப்பட்டது. பருவுக்குப் பூசிய வயதான பெண்கள் தோல் மிருதுவாகிவிட்டது என்று சொல்ல, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் அல்பர்ட் கிளிக்மன் என்ற தோல் மருத்துவர் அதைச் சோதித்து 1986இல் கட்டுரை வெளியிட்டார். தோலைத் தொய்யாமல் தாங்குகிற கொலாஜன் என்ற புரதம் வெயில் பட்டுக் குறைந்துபோனால் இது மறுபடி கூட்டுகிறது, மேல்தோலையும் வேகமாகப் புதுப்பிக்கிறது. ஆனால் பலன் தெரிய மூன்று மாதம், ஆறு மாதம் போகும். ஒரு கிழமையில் மினுங்கினால் அது வேறு ஏதோ.

சரி, நாங்கள் என்ன செய்வது? இதைப் பூசினால் தோலின் மேற்படை மெலிந்து வெயில் சுள்ளென்று ஏறும். ட்ரெட்டினொயினும் வெளிச்சத்தில் சிதைந்துவிடும், அதனால் இரவில் மட்டும்தான் பூசவேண்டும். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு போதும், அதையும் முகம் நன்றாகக் காய்ந்த பிறகு, முதலில் கிழமைக்கு இரண்டு இரவு. பகலில் சன் கிறீம். ரொரன்ரோப் பனியில் இருந்துகொண்டு மச்சாள் பூசுவதும், காலை ஆறு மணிக்குத் தோட்டத்தில் இறங்கி வியர்வை ஒழுக நிற்கிற நான் பூசுவதும் ஒன்றா? இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் சன் கிறீம் பூச யாரிடம் காசு இருக்கிறது? உங்கள் கையைத் திருப்பி முழங்கைக்கு உட்பக்கத் தோலைப் பாருங்கள், முகத்துக்கும் அதற்கும் ஒரே வயதுதான், அங்கே வரி இருக்கிறதா? வெயில்தான் பெரும்பாதிக் காரணம். ஆகவே முதலில் அகலத் தொப்பி, அப்புறம்தான் ரியூப்.

கோபம் வருவது இன்னொன்றுக்கு. முகம் வெளுக்க என்று பெயர்ப்பட்டிகூட இல்லாத டப்பிகளில் விற்கிறார்களே, அப்படிப்பட்ட கிறீம்களில் ட்ரெட்டினொயினோடு, தோலை வெளுக்க வைக்கிற ஹைட்ரோகுவினோனும், அழற்சியைத் தணிக்கிற ஸ்டீரொய்ட்டும் கலந்திருக்கலாம். இந்த மூன்றின் கூட்டு கன்னத்தில் விழும் மங்குக்கு டொக்டர் பார்வையில் கொஞ்சக் காலம் பூசவேண்டியது. எங்கள் பிள்ளைகள் கல்யாணத்துக்கு நாள் குறித்ததும் தொடங்கி மாதக்கணக்கில் பூசுகிறார்கள், பிறகு தோல் மெலிந்து நரம்பு சிவப்பாகத் தெரிகிறது, பருவும் முடியும் வருகிறது. கல்யாணம் முடிந்து கர்ப்பமானாலும் நிறுத்துவதில்லை. ட்ரெட்டினொயினின் குடும்பத்தைச் சேர்ந்த, கடும் முகப்பருவுக்கு விழுங்குகிற மாத்திரையான ஐசோட்ரெட்டினொயின் கருவில் இருக்கும் பிள்ளைக்குக் குறைபாடு உண்டாக்கும் என்பது உறுதியாகத் தெரிந்தது. அதனால்தான் கர்ப்பிணிகளும் கர்ப்பம் எதிர்பார்ப்பவர்களும் பூசுகிற வகையையும் தொடக்கூடாது என்கிறார்கள். உங்கள் கட்டுரையில் இது இல்லாமல் போனதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அடுத்த ஞாயிறு இதையாவது பெரிய எழுத்தில் போடுங்கள்.

என் ரியூப் இன்னும் அலுமாரிக்குள்தான் இருக்கிறது. மிளகாய் முடிந்ததும் டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுவேன், பூசலாம் என்றால் பட்டாணி அளவில் மறுபடி தொடங்குவேன். போன கிழமை மச்சாள் தொலைபேசியில் "முகம் எப்படி?" என்று கேட்டார். "புதுத்தோல் மச்சாள்" என்றேன். சந்தோசப்பட்டார்.

இப்படிக்கு,
பரந்தன் வாசகி