ஆகஸ்ட் 18க்கு வந்துவிடு

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை.

நம் தெருக்கோடிப் பள்ளியில் அறிவியல் நாள் நடத்தித் தரச் சொல்லித் தலைமையாசிரியை கேட்டார். பிப்ரவரி 28தான் வழக்கமான தேதி, ராமன் விளைவுக்கான நாள். நான் ஆகஸ்ட் 18ஐக் கேட்டு வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு வேலூரில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்டுவைத்த குச்சிக்கு நிழலே விழாது.

தினமும் உச்சி வெயிலில் அப்படித்தானே என்கிறார்கள். இல்லை. நமக்கு வருடத்துக்கு இரண்டே தடவை. ஏப்ரல் 24 வாக்கில் வருவது பரீட்சை நேரம், அதனால் இதைப் பிடித்துக்கொண்டேன். அதுவும் பன்னிரண்டு மணிக்கு இல்லை, 12.17 வாக்கில். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம், அதனால் சூரியன் நமக்குக் கொஞ்சம் பிந்தியே உச்சிக்கு வரும். உன் பெங்களூரிலும் அதே நாள்தான், ஆறு நிமிடம் தள்ளி.

வேலை இப்போதே தொடங்கிவிட்டது. வாளி மணலில் குச்சியை நட்டு, கொத்தனாரின் தூக்குக்குண்டை வைத்து நேராக்கினோம். வெள்ளிக்கிழமைதோறும் அதே நேரத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறிக்கிறார்கள். நிழல் தெற்கே விழுந்து, வாராவாரம் குறுகுகிறது. "தாத்தா, தெற்கே தீர்ந்துபோனால் எங்கே போகும்?" என்று ஒரு குட்டிப்பெண் கேட்டாள். பதில் வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அடுத்த வாரங்களில் வடக்கே விழும்போது அவளே கண்டுபிடிக்கட்டும்.

அப்புறம் தண்ணீர் வடிகட்டி. வெட்டிய பாட்டிலில் பஞ்சு, கரி, மணல், சரளை. சேற்றுத் தண்ணீர் தெளிந்து இறங்கும், அதைக் குடிக்க விடமாட்டேன். தனியாக இன்னொரு சுத்தமான வடிகட்டியில் குடிநீரில் உப்பு கரைத்து ஊற்றி, ஒரு சொட்டு நாக்கில் வைக்கச் சொல்வேன். உப்பு அப்படியே இருக்கும். பாலாற்றங்கரைப் பிள்ளைகளுக்கு இது அவசியம் தெரியவேண்டும். தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கிய கிணற்றிலும் தண்ணீர் தெளிவாகவே இருக்கலாம்.

என் ஒரே நிபந்தனை, பெரியவர்கள் செய்து காட்டக்கூடாது. பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்து பார்க்கும் நாளாக இது ஆகிவிடக்கூடாது. ஐந்து பேருக்கு ஒரு செட் கொடுத்துவிடுவோம். சிந்தட்டும், கவிழட்டும், திரும்பச் செய்யட்டும். சூரியனை நேரே பார்க்காமல் காப்பது மட்டும் நம் பொறுப்பு.

அதற்குத்தான் ஆள் வேண்டும். மூன்றாம் வகுப்பை உனக்கென்று வைத்திருக்கிறேன். லீவு சொல்லிவிட்டு முதல் நாளே லால்பாக் ரயிலில் ஏறிவிடு, காட்பாடிக்கு நான் வருகிறேன். மேகம் மூடினால் மறுநாளும் பார்க்கவேண்டும், அதனால் இரண்டு நாளாகவே லீவு கேள்.

அன்புடன்,
அப்பா